மஞ்சப்பையிலிருந்து பெட்டிக்கு: கடலோர வீட்டில் பத்திரங்களை ஒழுங்குபடுத்திக் காப்பது எப்படி

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடம் பக்கம் எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, வீட்டுப் பத்திரம் இதுக்குள்ளதான் கெடக்கு. எது எதுன்னு எனக்குத் தெரியல. எல்லாம் உங்க மச்சானுக்குத்தான் தெரியும். அவுக துபாய்ல வேலை நேரத்துல போன எடுக்க மாட்டாக.”

பையைத் திண்ணையில் கவிழ்த்தோம். நான்காக மடித்த கிரையப் பத்திரம். மடிப்பு இற்றுப்போய், சரியாக சர்வே எண் இருந்த இடத்தில் ஓட்டை. லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அதன் உள்ளே ஒரு செத்த பூச்சி. காலாவதியான இரண்டு பாஸ்புக். எழுத்து முழுக்க மறைந்து வெள்ளையாகிப் போன ஏ.டி.எம். சீட்டுகள் ஒரு கத்தை. யாருடையதோ ஒரு கல்யாணப் பத்திரிகை.

தேவையானது ஏறக்குறைய எல்லாமே அதில் இருந்தது. எது எங்கே என்பதுதான் வீட்டிலிருப்பவருக்குத் தெரியவில்லை. எங்கள் கரையில் பேப்பர் விவரம் தெரிந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. கடலில் இருப்பார், இல்லாவிட்டால் வளைகுடாவில் இருப்பார். பேப்பர் அவசரமாகத் தேவைப்படுவதும் அப்போதுதான். அக்கம்பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: விவரம் தெரிந்தவர் இல்லாத ஓர் இரவில், வீட்டிலிருப்பவர் பத்து நிமிடத்தில் கேட்டதை எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

1. எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள்

பீரோ, சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கு மேல், தலையணை உறைக்குள் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு ஒரு முழு மதியம் வேண்டும். விசைப்படகு வீடுகளுக்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலம். வலை பொத்தவும் படகுக்குப் பெயிண்ட் அடிக்கவும் ஒதுக்கும் நாட்களில் ஒன்றை இதற்கும் ஒதுக்கலாம். வீட்டுக்காரரும் கரையில் இருப்பார்.

கொட்டியதை நான்கு குவியலாகப் பிரித்து வையுங்கள்: ஆள், இடம், தொழில், பணம். எந்த ஆபீஸ் கொடுத்தது என்று பார்த்துப் பிரிக்க வேண்டாம். ‘தாலுகா ஆபீஸ் ஃபைல்’ என்று போட்டு வைத்தால் வாரிசுச் சான்றும் வருமானச் சான்றும் பட்டாவும் ஒன்றாகக் கிடக்கும், எதுவும் சட்டென்று கைக்கு வராது. என்னவென்று புரியாத காகிதத்துக்கு ஐந்தாவதாக ஒரு குவியல் போடுங்கள். அதை அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். அக்காவின் பையில் அப்படிப் புரியாமல் கிடந்த ஒன்றுதான் அவருடைய மாமனார் கட்டிய பழைய வீட்டு வரி ரசீது.

2. ஆள்: பெயரை முதலில் சரிபாருங்கள்

வீட்டில் ஆளுக்கொரு ஃபைல். பிறப்புச் சான்று, ஆதார், வாக்காளர் அட்டை, பான், சாதிச் சான்று, மார்க் ஷீட், பாஸ்போர்ட். பழைய பாஸ்போர்ட்டைத் தூர எறிய வேண்டாம், அதிலிருக்கும் விசா முத்திரைகள்தான் வெளிநாட்டு வேலை அனுபவத்துக்குச் சாட்சி.

அடுக்குவதற்கு முன் ஒரு வேலை. ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு அட்டையிலும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி எப்படி அச்சாகி இருக்கிறது என்று எழுத்துப் பிசகாமல் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் வெறும் இன்ஷியல், மூன்றாவதில் இன்ஷியல் பின்னால். ‘செய்யது’ என்பது ஓர் அட்டையில் ‘சையது’ ஆகியிருக்கும். உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதோ இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போதோ அந்த ஓர் எழுத்துதான் ஆறு மாதம் அலைய வைக்கும். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் திருத்த விடுவார்கள். ஆகவே அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காமல், பிறப்புச் சான்றும் மார்க் ஷீட்டும் முதலில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்கேற்ப மற்றதைத் திருத்தலாம்.

பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் செலவில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரை போக வேண்டிவரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு வயதுக்கான ஆதாரம் பிறப்புச் சான்று ஒன்றுதான். பல வீடுகளில் சான்று இருக்கும், அதில் பிள்ளையின் பெயர் இருக்காது. 15 வயதுக்குள் பெயரைச் சேர்த்துவிடலாம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இறந்துபோன பெரியவர்களின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இந்தக் குவியலில்தான் சேரும். கடலில் காணாமல் போனவர் இருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அவர்களிடம் நான் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொல்வேன்: முதல் நாள் கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். நகலை ஒருபோதும் தொலைக்காதீர்கள். உயிரோடு இருப்பதாக எந்தத் தகவலும் இல்லாமல் ஏழு ஆண்டு கடந்தால் இறந்ததாகக் கருதலாம் என்பது சட்டம். அந்த ஏழு ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு அந்தத் தேதிதான் பிடிமானம். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

3. இடம்: பத்திரம் மட்டும் போதாது

‘பத்திரம் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஒரு மனைக்கு ஒரு ஃபைல் போட்டு, அதில் கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று (மனையின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல், ஈ.சி. என்பதும் இதுதான்), வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரம் உங்கள் பெயரில் இருந்து பட்டா இன்னும் விற்றவர் பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா யார் பெயரில் என்று தெரிந்துவிடும். பதிவுத்துறையின் தளத்தில் 1975 முதலான வில்லங்கத்தைப் பார்க்கலாம். அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை ஈ.சி. போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வளைகுடாவில் இருப்பவர்களின் மனைகளுக்கு, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு, இது கட்டாயம் என்றே சொல்வேன். ஆள் இல்லாத மனையில்தான் வேறொருவர் பெயர் ஏறும்.

சரி, பத்திரமே இல்லாதவர்கள்? கரையோரக் குடியிருப்புகளில் மூன்று தலைமுறையாக இருந்தும் கையில் ஒரு துண்டு பட்டா இல்லாத வீடுகள் ஏராளம். அவர்களுக்குப் பழைய ரசீதுகளே சொத்து. வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, அந்த முகவரி உள்ள பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அரசு எந்தக் காலத்திலாவது அனுப்பிய நோட்டீஸ். இவை உரிமையைத் தராது, அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் இத்தனை ஆண்டாக இந்த இடத்தில் குடியிருக்கிறோம் என்று வருடம் வாரியாகச் சொல்லும். பட்டா கேட்டு மனுக் கொடுக்கும்போது அடுக்கிக் காட்ட இதுதான் உண்டு. ஆகவே வரி ரசீதை மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் எறியாதீர்கள். வருட வரிசையில் கோத்து வையுங்கள்.

வீட்டின் மேல் கடன் வாங்கி அடைத்தவர்கள் கவனிக்க வேண்டியது: கடன் முடிந்ததற்கான கடிதத்தோடு, அடமானத்தைப் பதிந்திருந்தால் அதை ரத்து செய்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டி முடித்து பத்து வருடம் ஆன பிறகும் ஈ.சி.யில் அடமானம் நிற்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

4. தொழில்: அசல் கரையில், நகல் கடலில்

ஒரு தடவை நடுராத்திரியில் பக்கத்துத் தெருவில் ஒரே அழுகை. படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தகவல். விடிந்ததும் படகின் பேப்பர் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “அது படகுலதானே இருக்கு.”

இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகைக் கேட்டு அங்குள்ள நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், உரிமையாளர் தன் படகு என்று காட்டும் ஆவணங்களோடு போக வேண்டும். அசலைப் படகின் வீல் ஹவுஸில் (படகோட்டும் அறையில்) சொருகி வைத்தால் படகோடு அதுவும் போகும். மீனவர் அடையாள அட்டை ஆள் கையில் இருக்கட்டும். படகின் பதிவுச் சான்று, இன்ஜின் வாங்கிய பில், இன்சூரன்ஸ் எதுவானாலும் அசல் வீட்டில், படகில் நகல். அசலைக் காட்டச் சொல்லும் ஆய்வு நாளில் மட்டும் எடுத்துப் போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இன்ஜின் எண்ணும் படகின் நான்கு பக்கத் தோற்றமும் தெளிவாகத் தெரியும் படங்களை ஃபைலிலும் போனிலும் வையுங்கள். புயலில் படகு உடைந்தால் நிவாரணத்துக்கு மனு எழுதும்போது, உடைவதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழியில்லை.

மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், நலவாரிய அட்டை, மானிய டீசல் புத்தகம் எல்லாம் இதே ஃபைலில். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மாநாட்டில்தான் அறிவித்தார்கள். அந்தப் பணம் வராமல் போகும் வீடுகளில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் ஒன்று: கொடுத்த வங்கிக் கணக்கு மூடிக் கிடக்கும். எந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தோம் என்று ஃபைலின் உள் அட்டையிலேயே எழுதி வையுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் அடையாள அட்டையும் இங்கேதான். ‘அது அம்மாவோட அட்டைதானே’ என்று தனியாகப் போட்டுத் தொலைக்காதீர்கள்.

5. பணம்: பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள்

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்து, மே கடைசி, ஜூன் முதல் வாரத்து வரிகளைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீடு. 436 ரூபாய் என்றால் ஆயுள் காப்பீடு. இரண்டும் தலா 2 லட்சம். ‘பேங்க்காரன் என்னமோ பிடிக்கிறான்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆள் போன பிறகு அந்த வரியைப் படித்துச் சொல்ல யாரும் இருப்பதில்லை, கேட்காத பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பவரும் இல்லை. அந்த வரியில் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘இன்சூரன்ஸ்’ என்று எழுதி வையுங்கள்.

நாமினி யார் என்று ஒவ்வொரு கணக்கிலும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட கணக்கில் அம்மா பெயர் இருக்கும், அவர் இறந்தே இருப்பார். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம்.

நகை அடகுச் சீட்டுக்குத் தனி உறை. மீட்க வேண்டிய கடைசித் தேதியை உறை மேலேயே பெரிதாக எழுதுங்கள். பத்து வருடம் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் காணாமல் போகாது. ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடி, கணக்கு இருந்த வங்கியில் கேட்டு வாங்கலாம்.

6. எறிய வேண்டியவை

ஏ.டி.எம். சீட்டு, தேதி முடிந்த ரீசார்ஜ் ரசீது, கேரண்டி முடிந்த மிக்ஸி பில், வேலை முடிந்த பழைய விண்ணப்ப நகல்கள். ஆதார் நகல் என்றால் கிழித்து எறியுங்கள். ஆதார் ஜெராக்ஸில் மடித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நான் வாங்கியிருக்கிறேன், முகம்கூடத் தெளிவாக இருந்தது. அழியும் தாளில் அடித்த முக்கிய ரசீது ஏதாவது இருந்தால் எழுத்து மறைவதற்குள் ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

7. வைக்கும் விதம்: உப்புக்காற்றும் இராமபாணமும்

இந்த ஊரில் காகிதத்துக்கு எதிரி நெருப்பைவிட காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து முதலில் ஸ்டேப்ளர் பின்னைத் துருவாக்கும், துரு காகிதத்தைத் தின்னும். அத்தனை பின்னையும் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் கோத்து வையுங்கள், அல்லது பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும்.

பத்திரத்தை மடிக்காதீர்கள். ஏற்கெனவே மடித்ததை விரித்து, கனமான புத்தகத்தின் கீழ் இரண்டு நாள் வைத்து, நீளமான பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மடிப்பு கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். மஞ்சளாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு வரும். லேமினேஷனும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிறகு மேலே முத்திரை வைக்க முடியாது, உள்ளே ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை, பிரித்தெடுத்தால் காகிதமும் சேர்ந்து வரும். அசல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர். ராமேஸ்வரத்துக்கு ஏற்ற பெயர்தான், என்ன செய்ய. பசையும் மாவும் உள்ள காகிதம் அதற்கு விருந்து. பெட்டியில் ஒரு துணி முடிச்சில் வசம்பு போடுங்கள், பாச்சா உருண்டை என்றால் காகிதத்தில் படாமல். அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வைப்பது.

பெட்டி எது? இரும்பு பீரோவின் அடித்தட்டு துருப்பிடிக்கும், வெள்ளம் முதலில் நுழைவதும் அங்கேதான். வாய் அகன்ற, மூடி இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும். கடலுக்குப் போகும்போது போனைப் போட்டு மூடிக் கொண்டுபோகிறார்களே, அதே யோசனைதான், அளவு மட்டும் பெரிது. ஃபைல் படுக்கும் அளவுக்கு வாங்கி, இடுப்பு உயரத்துக்கு மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஓட்டு வீடானால் ஒழுகும் இடத்தின் கீழ் வேண்டாம்.

8. போனில் ஒரு பிரதி

பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய ஒவ்வொன்றையும் படமெடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பத்திரத்தில் பதிவு எண் அங்கே இருக்கும். படத்துக்குப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் மூவாயிரம் படத்துக்கு நடுவில் தேட வேண்டும். கூகுள் டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் பென் டிரைவில் ஒன்று. புயல் வந்தால் ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடும் சேர்ந்துதான் நனையும்.

அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அதில் துறையே நேரடியாக வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம். நாமே படமெடுத்து ஏற்றியது வெறும் படம்தான்.

ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம், அது அந்தப் போனிலேயே கிடக்கிறது. எடுத்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுத்தால் பல இடங்களில் போதும். நகல் கொடுக்கும்போது குறுக்கே, எதற்காக, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

9. ஒற்றைத் தாள்

கடைசியாக ஒரே ஒரு தாளில், வீட்டிலிருப்பவரின் கையெழுத்தில், பட்டியல் எழுதுங்கள். எந்த ஃபைலில் என்ன, எது வங்கியில் இருக்கிறது, எது அண்ணன் வீட்டில் இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், பத்திர எண், வருடம், பாலிசி எண். அவரே எழுதினால்தான் ஞாபகம் நிற்கும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதுவும் ஃபைலோடு ஒரு காகிதமாகிவிடும். பாஸ்வேர்ட், பின் நம்பரை இதில் எழுதாதீர்கள். டப்பா மூடியின் உட்புறம் ஒன்று, போனில் ஒன்று. அக்டோபர் பிறக்கும் முன் ஒருமுறை, ‘படகு இன்சூரன்ஸை எடு பார்க்கலாம்’ என்று கேட்டு, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

10. நனைந்துவிட்டால், தொலைந்துவிட்டால்

அக்காவின் பைக்கு வருகிறேன். நனைந்த காகிதத்தை வெயிலில் காயப்போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்காதீர்கள். கடல் தண்ணீரோ சேறோ பட்ட அச்சுத் தாளை நல்ல தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுக்கலாம், உப்பு தங்கினால் காகிதம் காயவே காயாது. மை பேனாவால் எழுதிய பழைய பத்திரத்துக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது, எழுத்து கரைந்துவிடும். தனித்தனித் தாள்களைப் பருத்தித் துணிக்கு நடுவில் பரப்பி, ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள், துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒட்டிய கத்தையைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஐஸில் மீன் கெடாததுபோல காகிதத்திலும் பூஞ்சை ஏறாது. கைக்கு நேரம் கிடைத்ததும் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். அக்காவின் பத்திரம் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் நான்கு நாள் இருந்தது.

சர்வே எண் போன மடிப்பு திரும்பி வரவில்லைதான். பதிவு செய்த பத்திரம் எதுவானாலும் அதன் பிரதி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். எண்ணும் வருடமும் தெரிந்தால் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். அசல் முழுதும் தொலைந்திருந்தால் முதலில் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற எல்லா ஆபீஸும் கேட்கப்போவது அதைத்தான். அக்காவுக்குப் பத்திர எண் தெரியவில்லை. அந்தப் பழைய வரி ரசீதில் இருந்த மாமனார் பெயரை வைத்துத் தேடி எண்ணைக் கண்டுபிடித்தோம். மூன்று வாரம் ஆனது.